தலைவரின் வலது கால்

சிங்காரவேலுவின் வலது காலால் மிதிபட்டவர்கள் இரண்டு வகை. வலி என்று வந்து மிதிபட்டவர்கள் ஒரு வகை. மிதிபட்டதால் வலி வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலைபாக்கும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் முதல் வகையினரேதான்.

தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர், சுளுக்கு விழுந்த முதுகில் மூன்று மிதி மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது ஆண்டிமடம் பக்கத்து நம்பிக்கை. மிதிக்கிறவர் காசு வாங்கக் கூடாது. சிங்காரவேலு அப்படிப் பிறந்தவர். அந்தப் பிரசவத்தில் இரண்டு நாள் செத்துப் பிழைத்தவள் அவருடைய தாய் கொளஞ்சியம்மாள். பெருமை மட்டும் மகனுக்கு வந்து சேர்ந்தது.

"அவனவன் தலையக் குனிஞ்சுகிட்டு பூமிக்கு வந்தான். நான் ஒருத்தன்தான் நின்னுகிட்டே வந்தேன்" என்பார், என்னவோ உள்ளேயே யோசித்து முடிவெடுத்தவர் மாதிரி.

ஒருமுறை ஊராட்சித் தலைவராக இருந்து அடுத்த இரண்டு முறையும் தோற்றவர். ஆனாலும் 'தலைவர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது என்றால் அதற்குக் காரணம் அவர் செய்த முந்திரி வியாபாரம் அல்ல, கால்தான். வீட்டு வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். அதில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கம்பத்தை விழுங்கியவர்போல நிற்பார். தலைக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒளிவட்டம் வலது பாதத்தைச் சுற்றி இருக்கும். கீழே 'மிதிச்செம்மல்' என்று போட்டிருக்கும். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்டால், ஃபிளெக்ஸ் அடித்த கடைக்காரன் என்பதுதான் சரியான பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பாய் விரியும். வந்தவரைக் குப்புறப் படுக்கவைத்து, தலைவரின் கையாள் பிச்சைமுத்து பிடரியில் முழங்காலை ஊன்றி அமுக்கிக்கொள்வான். தலைவர் மஞ்சள் தண்ணீரில் கால் நனைத்து, இரண்டு எட்டு பின்னால் போய், இடது காலில் நின்று இடுப்பைத் திருகி, வலது காலை ஓங்கி இறக்குவார். 'மடக்' என்று ஒரு சத்தம் வரும். படுத்திருப்பவர் வாயில் பாய்க்கோரை போகும். சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வரும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும்.

"ஐயோ வேணாங்க, வுட்டுருங்க!" என்று கத்துவார்கள்.

"கத்துறவன் பேச்சக் கேக்காத, கழுத்த அமுக்கு" என்பது பிச்சைமுத்துவுக்குத் தலைவர் போட்டிருந்த நிரந்தர உத்தரவு. "அவன் கத்தலடா. உள்ள இருக்குற சுளுக்கு கத்துது."

போன சித்திரையில் ஒரு ஞாயிறு, பதினோராவது முதுகில் இரண்டாவது மிதியை இறக்கும்போது தலைவரின் சொந்த இடுப்பில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கடப்பாரையைச் செருகினார்கள். திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கால் தரையில் இருந்தது, உடம்பு நிமிர மறுத்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வது? படுத்திருந்தவரின் தலையில் கையை வைத்து, ஆசீர்வாதம் செய்வதுபோல மொத்த எடையையும் அதன்மேல் போட்டு ஊன்றி நின்றார். ஆசீர்வாதம் மூன்று நிமிடம் நீடித்தது. அந்த மனிதருக்கு முதுகோடு கழுத்தும் போயிற்று.

அன்றிலிருந்து வலி அவரை வீட்டுக்குள் வைத்து அடித்தது. எழுந்தால் ஒரு குத்து, உட்கார்ந்தால் ஒரு குத்து. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார். யாரிடம் சொல்ல முடியும்? மிதிச்செம்மலுக்கு முதுகுவலி என்று தெரிந்தால் ஃபிளெக்ஸில் சாணி அடித்துவிடுவார்கள். தன் காலால் தன் முதுகை மிதிக்கவும் வழியில்லை. சுற்றுவட்டாரத்தில் கால் முன்னால் பிறந்த இன்னொருவன் கீழப்பழுவூர் ராஜராஜன். முப்பது வயதுப் பயல். அவன் காலடியில் படுப்பதற்குப் பதில் சிமெண்ட் லாரிச் சக்கரத்துக்கு அடியில் படுக்கலாம்.

அதனால் தெரிந்த முகம் இருக்காத ஊராகப் பார்த்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனார். எலும்பு டாக்டர் படம் எடுத்து, விளக்குப் பலகையில் மாட்டினார். நெஞ்சை நிமிர்த்தி ஃபிளெக்ஸில் நிற்கிறவரின் முதுகெலும்பு அதில் இடது பக்கமாக ஒசிந்து, வலது பக்கமாக நெளிந்து, வாய்க்கால் வரப்பு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"பதினாலு டிகிரி. லேசான ஸ்கோலியோசிஸ்" என்றார் டாக்டர். "முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சிருக்கு. வளர்ற வயசுலேர்ந்தே இருந்திருக்கும், இப்பதான் சுத்தியிருக்குற சதை தாங்காம வலிக்குது. பயப்பட ஒண்ணுமில்ல."

"நிமித்திரலாங்களா?"

"இந்த வயசுல நிமித்த முடியாது, நிமித்தவும் வேணாம். ஆட்டை மேய்க்கிற மாதிரி வலிய மேய்க்கணும், அவ்வளவுதான். என்னா வேல பாக்குறீங்க?"

"மக்கள் பணி" என்றார் சிங்காரவேலு.

அடுத்த அறையில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வினோதினி அவரை மெத்தை விரிப்பில் மண்டியிடச் சொன்னாள். கைகளை ஊன்றி, நாலு காலில் நின்று, முதுகை மேலே வளைத்து, மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். பிறகு வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டும். பிறகு ஒரு பக்கமாகப் படுத்து முழங்கையில் உடம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தலைவர் ஆறு எண்ணுவதற்குள் நடுங்கி, ஏழில் சரிந்தார்.

"மூச்ச அடக்காதீங்க சார். ஒரே எடத்துல அரை மணிக்கு மேல உக்காராதீங்க. கார்ல போனா இடுப்புக்குப் பின்னாடி துண்ட சுருட்டி வெச்சுக்குங்க. ஒருக்களிச்சுப் படுத்தா முழங்காலுக்கு நடுவுல தலையணை. வலிச்சா வெந்நீர்ப் பை. தெனம் நடங்க." வினோதினி சொல்லிக்கொண்டே போய், நிறுத்தினாள். "இடுப்பத் திருகுற மாதிரி ஏதாவது வேல செய்யிறீங்களா?"

"சில நேரம் காலத் தூக்க வேண்டியிருக்கும்மா."

"ஃபுட்பாலா?"

"கிட்டத்தட்ட."

"எப்புடின்னு செஞ்சு காட்டுங்க."

தலைவர் செய்து காட்டினார். வினோதினியின் முகம் மாறிவிட்டது. "ஒத்தக் கால்ல நின்னு, திருகி, ஓங்கி மிதிக்கிறதா? ஒங்க முதுகுக்கு இதவிடக் கெடுதல் வேற இல்ல சார். கீழ எது இருக்கோ அதுக்கும்தான்."

கீழே என்ன இருக்கும் என்று அவர் சொல்லவில்லை.

ஆண்டிமடம் திரும்பியதும் ரகசிய வாழ்க்கை தொடங்கியது. விடியற்காலையில் அறைக்கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நாலு காலில் நின்றார். மனைவி பச்சையம்மாள் ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். ஊரே கும்பிடும் மனிதர் கோமணத்தோடு, முதுகை மேலே தூக்கியும் கீழே இறக்கியும், சந்தையில் பல் பார்க்க நிற்கும் காளைபோல இருந்தார்.

"ஏங்க, வயித்தால போகுதா?"

"யோகம்டி."

"வால்தான் இல்ல" என்றாள் அவள். அன்றே பீரோவுக்குப் பின்னாலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

கேவலம் என்னவென்றால், வலி குறைந்தது. மூன்றே வாரத்தில் பாதிக்குப் பாதி. சத்தம் இல்லை, மிதி இல்லை, வாழைப்பழம் இல்லை. வெந்நீர்ப் பையும் தலையணையும் சாதித்ததை ஐம்பத்திரண்டு வருடப் பாரம்பரியக் கால் சாதிக்கவில்லை. அது தலைவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழையபடி வாசலுக்குப் போய் எட்டு முதுகு, பத்து முதுகு என்று மிதித்துத் தள்ளினார். ஞாயிறு மாலை கட்டிலில் விழுந்து தலையணையைக் கடித்தார்.

"ஆறு நாள் நாலு கால்ல நின்னு சேக்குறீங்க. ஏழாம் நாள் ஒத்தக் கால்ல நின்னு ஒடைக்கிறீங்க" என்றாள் பச்சையம்மாள். "அந்தக் கால வெட்டி முந்திரிக்கு ஒரமா போட்டா என்னா?"

இந்த நேரத்தில்தான் கீழப்பழுவூரிலிருந்து ராஜராஜனே நேரில் வந்து பத்திரிகை வைத்தான். மெயின்ரோட்டில் 'மாமன்னன் மிதி வைத்தியசாலை' திறக்கிறானாம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் முதுகுவலி, கூட்டம் அள்ளும், காசைக் கையால் வாங்காமல் உண்டியல் வைத்துக்கொள்ளலாம் என்றான்.

"நீங்க சீனியருங்க அண்ணே. மொத ஏழு முதுகு நீங்க மிதிச்சுத் தொறந்து வெக்கணும்" என்றவன், தலைவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். "வயசாச்சு, முடியாதுன்னா சொல்லிருங்க. நானே மிதிச்சுக்குறேன்."

முடியாது என்ற சொல்லைக் கேட்டதும் தலைவரின் முதுகெலும்பு பதினாலு டிகிரியையும் மறந்து விறைத்தது. "ஏழு என்னடா, எழுபது கொண்டா" என்றார்.

"போவாதீங்க" என்றாள் பச்சையம்மாள், அவன் போனதும். "அங்கயே மடங்கி விழுந்தீங்கன்னா யாரு தூக்குறது?"

"வுழுந்தாத்தானடி தூக்கணும்."

திறப்புவிழா அன்று பந்தல், செண்டை மேளம், பட்டாசு. சால்வை போர்த்தினார்கள். பித்தளைத் தாம்பாளத்தில் தலைவரின் பாதத்தை வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழு லாரிக்காரர்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். ஏழு நெல் மூட்டைகளைக் கிடத்தியதுபோல இருந்தது. பிச்சைமுத்து பிடரிக்குப் பிடரி தாவித் தாவி அமுக்கினான்.

முதல் முதுகு. 'மடக்'. கூட்டம் கைதட்டியது. தலைவரின் இடுப்பில் ஒரு ஊசி இறங்கியது.

இரண்டு, மூன்று. மூன்றாமவன் வாயிலிருந்து கெட்ட வார்த்தையும் ரத்தமும் சேர்ந்து வந்தன, உதட்டைக் கடித்துக்கொண்டுவிட்டான். நான்காமவன் திமிறினான். பிச்சைமுத்து அவன் மூக்கைத் தரையோடு தேய்த்தான். ஐந்தில் தலைவருக்குக் கண் இருட்டியது. ஆறாவது முதுகில் விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. தன்னுடையதா அவனுடையதா என்று தெரியவில்லை. அவன் அலறியதால் அவனுடையது என்று முடிவுக்கு வந்தார். மேளக்காரர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஏழாவது கலையரசன். டிப்பர் லாரி டிரைவர், கதவகலத்துக்கு முதுகு. தலைவர் இரண்டு எட்டு பின்னால் போனார், இடது காலில் நின்றார், திருகினார், காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் இறங்கவில்லை. இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு கயிறு சுண்டி இழுத்தது. அப்படியே முன்னால் சாய்ந்து, கைகளை ஊன்றி, கலையரசனுக்குப் பக்கத்தில் நாலு காலில் விழுந்தார். வாயிலிருந்து வந்த சத்தம் செண்டையை நிறுத்திவிட்டது.

"தலைவருக்கே சுளுக்குடோய்!" என்று எவனோ கத்தினான்.

ராஜராஜனின் முகம் தீபாவளி ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினான். "யாரும் பயப்படாதீங்க! அண்ணன் எனக்காகவே விழுந்திருக்காரு. அந்தத் தாம்பாளத்த இப்புடித் தள்ளுங்க!"

"வேணாம்டா" என்றார் சிங்காரவேலு. "தொடாத. டேய், தொடாதடா!"

நாலு பேர் வந்து கையைக் காலைப் பிடித்து அவரைக் குப்புறக் கிடத்தினார்கள். பிடரியில் பழக்கப்பட்ட ஒரு முழங்கால் ஏறி அமர்ந்தது. பிச்சைமுத்து.

"டேய் பிச்ச, நீயாடா? வுடுடா, செத்துருவேன்டா!"

"எல்லாரும் அப்புடித்தாங்க சொல்லுவாங்க" என்றான் பிச்சைமுத்து அன்பாக. "ஒரு நிமிசம் தலைவரே. நீங்க கத்தல, சுளுக்கு கத்துது."

ராஜராஜனின் ஈரக் கால் தலைக்கு மேல் ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்தார். முப்பது வருடத்தில் அந்தக் காட்சியைக் கீழேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் முறை. எல்லாப் பெருமையும் அவிழ்ந்து விழுந்தது.

"சுளுக்கு இல்லடா! எலும்பு! எலும்பு வளைஞ்சிருக்குடா! பெரம்பலூர்ல படம் எடுத்திருக்கேன்! மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா!"

ராஜராஜனின் கால் அந்தரத்தில் நின்றது. தலைவருக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த கலையரசன் மெதுவாக முகத்தைத் திருப்பினான். இருவர் மூக்கும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன.

"படம் எடுத்தீங்களா?" என்றான்.

"எடுத்தேம்ப்பா."

"எங்களுக்கு எடுத்தீங்களா?"

தலைவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கலையரசன் எழுந்திருக்காமலே விட்ட அறையில் அந்த வாய் கோணிக்கொண்டது. ஆறாமவன் விலாவைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தான். "ஒன் முதுகுன்னா எலும்பு, என் முதுகுன்னா சுளுக்கா?" என்று கேட்டு, தலையால் முட்டினான்.

தொழில் முதல் நாளே படுப்பதைப் பார்த்த ராஜராஜன், "கெழவன் பொய் சொல்றான், நம்பாதீங்க!" என்று கத்திக்கொண்டு காலை இறக்கினான். குறி தவறிய பாதம் முகத்துக்கு நேரே வந்தது. கை, கால், கழுத்து மூன்றும் பிடிபட்ட மனிதனிடம் மிச்சம் இருந்தது பல். சிங்காரவேலு மஞ்சள் தண்ணீர் சொட்டும் அந்தக் கட்டைவிரலைக் கவ்வி, எலும்பு தட்டும்வரை கடித்தார். ராஜராஜன் ஒற்றைக் காலில் பந்தல் முழுக்கக் குதித்து, சால்வைத் தட்டில் கால்வைத்து, மேளத்தின்மேல் மல்லாந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு வரிசை கிடையாது. லாரிக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். முன்பு மிதிபட்டவர்கள், மிதிபட்டவர்களின் மச்சான்கள், ஒன்றும் தெரியாமல் டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். நாற்காலி பறந்தது. பந்தல் கால் ஒன்று பிச்சைமுத்துவின் மண்டையைப் பிளந்தது. கால் முன்னால் பிறந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மிதித்தார்கள். அங்கிருந்த நாற்பது பேரும் தலை முன்னால் பிறந்த சாதாரண ஜனங்கள். அவர்கள் கால்களும் பிரமாதமாக வேலை செய்தன. தலைவர் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு, முதுகை வைத்தியசாலைச் சுவரோரம் ஒட்டிவைத்துக்கொண்டார். பிட்டம், தொடை, தோள் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். ஊராட்சித் தேர்தலில்கூட அவருக்கு இவ்வளவு பேர் ஒற்றுமையாகச் சேர்ந்து எதையும் போட்டதில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். இரண்டு பல் இல்லை, தொடை இரண்டும் கத்தரிக்காய் நிறம். வாசல் ஃபிளெக்ஸை யாரோ கிழித்திருந்தார்கள். பிச்சைமுத்து கட்டுப்போட்ட தலையோடு சொந்த ஊருக்குப் போய்விட்டான். ஆனால் முதுகெலும்பு மட்டும் பழையபடியே இருந்தது. கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பாய் விரித்து, கதவை விரியத் திறந்துபோட்டு, வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக் குப்புறப் படுத்தார். ஒளிக்க எதுவும் மிச்சமில்லை. மனசு லேசாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வாழைப்பழத்தோடு வந்து நின்றாள். கீழப்பழுவூர்ச் சேதி அவளுக்கு இன்னும் எட்டவில்லை.

"வெங்காயத்துல களையெடுத்து முதுகு புடிச்சிக்கிச்சுங்க. மூணு மிதி மிதிச்சு வுடுங்க."

"மிதிக்கிறது கெடையாதும்மா" என்றார் தலைவர் தலையைத் தூக்காமல். "பெரம்பலூர் போ. படம் எடு. நாலு கால்ல நிக்கச் சொல்லுவாங்க, நில்லு."

"நாலு கால்ல நிக்கிறதா? என்னாய்யா, மனுசிகிட்ட பேசுற பேச்சா இது? முப்பது மைல் மூணு பஸ் மாறி வந்திருக்கேன். பெரிய மனுசன்னா ஒரு கால் ஒசத்த மாட்டீரோ?" வாசற்படிக்குக் குறுக்கே குப்புறப் படுத்துவிட்டாள். "மிதிச்சாத்தான் எந்திரிப்பேன்."

ஒரு மணி நேரம் கெஞ்சியும் அவள் நகரவில்லை. பால் வாங்கப் போக வேண்டிய பச்சையம்மாள் கையில் தூக்கோடு நின்று நின்று பார்த்தாள். அந்த அம்மாளைத் தாண்டிப் போகலாம் என்று புடவையைத் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைத்தாள். நிலைப்படி இடறியது. கால் வழுக்கி, அந்த அம்மாளின் நடுமுதுகில் மொத்தமாக இறங்கியது.

'மடக்.'

தூக்கு தெருவரை உருண்டு போய்ச் சத்தம் அடங்கியது. பச்சையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடலைக்கொல்லையில் களைவெட்டும்போது தாய்க்கு வலி எடுத்து, கால்மணி நேரத்தில் தலை முன்னால் வந்து பிறந்தவள் அவள். அவளுடைய காலுக்கு எந்தப் பெயரும் கிடையாது.

அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"போயிருச்சு சாமி! ஒரே மிதியில போயிருச்சு!" என்று பச்சையம்மாளின் இரண்டு பாதத்தையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாழைப்பழத்தை வைத்துவிட்டு விழுந்தடித்துப் போனாள், தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு.

பச்சையம்மாள் வெகுநேரம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்களை ஒருமுறை விரித்து மடக்கினாள். பிறகு மெதுவாகத் திரும்பி, கூடத்தில் குப்புறக் கிடந்த புருசனின் முதுகைப் பார்த்தாள்.

"ஏங்க."

"என்னாடி?"

"அந்த வெந்நீர்ப் பைய எடுத்துட்டு, கொஞ்சம் அசையாம படுங்க."